மகனுக்கு 22, எனக்கு 16: ஆஸ்துமா மதிப்பீட்டுக்காக அலைந்த ஏழு வாரங்கள்

எனக்கும் என் 15 வயது மகனுக்கும் ஆஸ்துமா இருக்கிறது. நோய் கட்டுக்குள் இருக்கிறதா என்பதை இருவருக்கும் சேர்த்தே பார்த்துவிடலாம் என்று தொடங்கிய வேலை ஏழு வாரங்களையும் நான்கு நடைகளையும் விழுங்கியது. அதில் பெரும்பகுதி, கேட்க வேண்டியதை அவர்கள் கேட்காததாலும் சொல்ல வேண்டியதை நாங்கள் சொல்லாததாலும் வீணானது. எங்களைப் போல் வளரும் பிள்ளையோடு செல்பவர்களுக்காவது இது பயன்படட்டும்.

முதல் நடை பதிவு மேசையோடு முடிந்துவிட்டது. மகனின் வயதைப் பார்த்த எழுத்தர் குழந்தைகள் பிரிவுக்கு அனுப்பினார். அங்கிருந்தவரோ, இந்த வயதுப் பிள்ளைகளைப் பெரியவர்களுக்கான நெஞ்சக நோய்ப் பிரிவில்தான் பார்ப்பார்கள் என்று திருப்பி அனுப்பினார். இரண்டு மேசைகளுக்கும் இடையில் நாங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே வெளிநோயாளர் நேரம் முடிந்துபோனது. ஆஸ்துமா சிகிச்சைக்கான வழிகாட்டுதல்கள் 12 வயது நிறைந்தவர்களைப் பெரியவர்களோடு ஒரே தொகுதியில் வைத்துப் பேசுகின்றன. மருத்துவமனைகளின் வயது வரம்பு அதனோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. எந்தப் பிரிவு, எந்த நாள் என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது நடையும் வீண். புறப்படும் அவசரத்தில் மகன் மூச்சு முட்டும்போது உடனே எடுக்கும் நிவாரண இன்ஹேலரை இரண்டு பஃப் எடுத்திருந்தான். மருந்தின் வேகம் இருக்கும்போது ஊதினால், ஊதும் காற்றை அளந்து நுரையீரலின் திறனைப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை உண்மை நிலையைக் காட்டாது என்று பரிசோதனைக் கூடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரிதான். ஆனால், சோதனைக்கு முன் குறைந்தது 4 மணி நேரம் அந்த இன்ஹேலரைத் தவிர்க்க வேண்டும் என்பதைத் தேதி கொடுத்த அன்றே ஒரு வரி சொல்லியிருந்தால் அவனுக்கு ஒரு நாள் பள்ளி போயிருக்காது. நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்துகளுக்கு இடைவெளி இன்னும் அதிகம். அதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். மூச்சு முட்டினால் சோதனைக்காகப் பொறுத்திருக்காமல் இன்ஹேலரை எடுத்துவிடுங்கள். சோதனையை இன்னொரு நாள் செய்துகொள்ளலாம்.

மூன்றாம் முறை இருவர் கையிலும் ஒரே வினாத்தாளைக் கொடுத்தார்கள். கடந்த 4 வாரங்களைப் பற்றிய 5 கேள்விகள், மொத்தம் 25 மதிப்பெண். 20க்குக் குறைந்தால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று பொருள். மகனுக்கு 22 வந்தது, எனக்கு 16. தாளை மட்டும் நம்பியிருந்தால் அவனை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். மருத்துவர் அப்படிச் செய்யவில்லை. “தம்பி, போன வருடம் என்ன விளையாடினாய், இப்போது என்ன விளையாடுகிறாய்?” என்று கேட்டார். “கால்பந்து. முன்னால் நின்று ஆடினேன். இப்போது கோல்கீப்பர்” என்றான். ஏன் என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்துக்கொண்டே, “ஓடினால்தானே இளைக்கும்” என்றான். அதை அவன் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. இளைப்பு வரும் காரியங்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிட்டு, இளைப்பே வரவில்லை என்று அந்தப் பிள்ளை மனதார நம்பியிருக்கிறான்.

அடுத்து, இளைப்பு வராமலிருக்கத் தினமும் எடுக்கும் அவனுடைய தடுப்பு இன்ஹேலரை வாங்கிப் பார்த்தார். காலை இரண்டு, இரவு இரண்டு பஃப் என்றால் 120 பஃப் கொண்ட இன்ஹேலர் 30 நாளில் தீர்ந்திருக்க வேண்டும். 31ஆம் நாளன்று மீதி பஃப்களைக் காட்டும் எண்காட்டி 71இல் நின்றது. நண்பர்கள் பார்ப்பார்கள் என்று பள்ளிக் கழிவறைக்குள் போய், ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) இல்லாமல், அவசரமாக நிவாரண இன்ஹேலரை அடித்துக்கொள்வதும் அப்போதுதான் வெளியே வந்தது. என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனிடம் தனியாகப் பத்து நிமிடம் பேசினார். முதலில் எனக்கு மனம் வருந்தியது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் வந்த உண்மைகள் நான் பக்கத்தில் இருந்திருந்தால் வந்திருக்காது.

பெரிய பிழை மகனின் ஸ்பைரோமெட்ரி அறிக்கையில் இருந்தது. அவன் ஊதிய காற்று, எதிர்பார்க்கப்படும் அளவில் 92 சதவீதம் என்று அச்சாகி வந்ததைப் பார்த்து நான் மகிழ்ந்தே போனேன். அந்த எதிர்பார்ப்பு அளவு வயது, உயரம், பாலினம் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படுவது. உயரத்துக்கான கட்டத்தில் 152 செ.மீ. என்று இருந்தது, பழைய கோப்பிலிருந்து அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார்கள். சுவரோரம் நிற்கவைத்து அளந்தபோது 163. சரியான உயரத்தை இட்டதும் 92 என்பது 79 ஆனது. பெரியவர்களின் உயரம் இப்படி வேகமாக மாறுவதில்லை என்பதால் என் அறிக்கையில் இந்தச் சிக்கல் வரவில்லை. முதல் நொடியில் வெளியேறும் காற்றுக்கும் மொத்தக் காற்றுக்குமான விகிதமும் வயதுக்கு ஏற்ப மாறும்: பெரியவர்களுக்கு 0.75 முதல் 0.80க்கு மேல் இருந்தால் பொதுவாக இயல்பு என்பார்கள். குழந்தைகளுக்கு அது 0.90க்கு மேல் இருக்கும். என் கணக்கில் தேறிவிடக்கூடிய 0.78, வளர்கிற பிள்ளைக்குத் தேறாது. அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் உயரம், வயது, பாலினம் ஆகிய மூன்றையும் சரிபாருங்கள்.

என் கதை வேறு. நான் ஒரு வேளை மருந்தும் தவறவிடவில்லை, இன்ஹேலரைப் பிடிக்கும் முறையும் சரியாக இருந்தது; இருந்தும் இரவு இருமல் ஓயவில்லை. நெஞ்செரிச்சல், உடல் எடை, வலி மாத்திரை என்று பெரியவர்களிடம் வழக்கமாகத் தேடும் காரணங்கள் எல்லாவற்றையும் கேட்டார்கள். எதுவும் பொருந்தவில்லை. நான்காவது நடையில், வேறு எதையோ தேடக் கைப்பையைக் கவிழ்த்தபோது கண் சொட்டு மருந்துக் குப்பி மேசையில் உருண்டது. கண் அழுத்தத்துக்காக நான்கு மாதங்களாக விட்டுவந்த டிமோலால் அது. கண்ணில் விடும் சொட்டு கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு இறங்கி, இரத்தத்தில் கலந்து, மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடியது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. கண் மருத்துவமனைப் படிவத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கேட்டிருந்தார்கள், ஆஸ்துமாவைக் கேட்கவில்லை. கண்ணுக்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு என்று நானும் சொல்லவில்லை. இன்றும் அதை நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது. கண் மருத்துவர் சொட்டு மருந்தை மாற்றிக் கொடுத்த மூன்றாம் வாரத்தில், விடியும்வரை ஒருமுறைகூட எழாமல் தூங்கினேன். மருந்துப் பட்டியல் கேட்டால் மாத்திரைகளோடு சொட்டு மருந்து, களிம்பு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

மகனுக்குத் தடுப்பு மருந்தும் நிவாரண மருந்தும் ஒன்றாக உள்ள ஸ்டீராய்டு–ஃபார்மோடெரால் இன்ஹேலரைக் கொடுத்திருக்கிறார்கள். தினசரிக்கும் அவசரத்துக்கும் அது ஒன்றே போதும். பல் துலக்கும் தூரிகைக்குப் பக்கத்தில் அதை வைப்பது என்று அவனே முடிவு செய்தான்.

சென்ற வாரம் அதே வினாத்தாளை மீண்டும் நிரப்பினான். மதிப்பெண் 22இலிருந்து 18க்கு இறங்கியிருந்தது. பயந்துபோய் மருத்துவரைப் பார்த்தேன். அவர் தாளை மடித்துக் கோப்பில் வைத்துவிட்டு, “இப்போதுதான் ஓட ஆரம்பித்திருக்கிறான், உள்ளதை எழுதியிருக்கிறான்” என்றார். அடுத்த மாதம் மறுபடி ஊதிப் பார்க்க வேண்டும். இன்று காலை அவனைச் சுவரோரம் நிறுத்தி அளந்து, கோப்பின் மேலட்டையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்: 164 செ.மீ.