பன்னீர் திராட்சை: குச்சி நட்டதிலிருந்து முழுக் காய்ப்பு வரை

இடம் மதுரை, செம்மண். ஒரே ஒரு கொடி, பந்தல் 12 அடிக்கு 10 அடி. ரகம், கம்பம் பள்ளத்தாக்கில் 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற அதே பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் உலகப் பெயர். வீட்டுக்கு இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. ஒட்டுக்கட்ட வேண்டாம், குச்சியிலேயே வேர் பிடிக்கும். கவாத்து செய்யும், அதாவது குச்சிகளை வெட்டிவிடும், ஒவ்வொரு முறையும் காய்க்கும். விதையில்லா ரகங்கள் நம் வெயிலில் இவ்வளவு எளிதாக இணங்குவதில்லை.

வீட்டுத் திராட்சை காய்க்கவில்லை என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் எந்த உரம் போடலாம் என்றுதான் கேட்கிறார்கள். குறை அநேகமாக உரத்தில் இருக்காது. குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்து கொடியைத் தூங்கவைத்து எழுப்புகிறது. இங்கே அந்த வேலையைக் கத்தரிக்கோல்தான் செய்தாக வேண்டும். வெட்டாத கொடி இலையாகவே ஓடும்.

ஜனவரி: குச்சி

கவாத்து முடிந்த தோட்டத்தில் கழித்துப் போடும் குச்சிகளே போதும். பென்சில் கனம், பழுப்பு நிறம், ஒரு அடி நீளம், நான்கு கணு. அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராக வெட்டு. மேல்பக்கம் கணுவுக்கு ஒரு அங்குலம் மேலே சாய்வாக வெட்டு. இப்படி வெட்டினால் தலைகீழாக நட வாய்ப்பில்லை. செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் மூன்றும் சம அளவு கலந்த பையில் இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடவு.

பத்தாம் நாளில் துளிர் வந்துவிடும். அதைப் பார்த்து வேரும் வந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. அந்தத் துளிர் குச்சியில் இருந்த சேமிப்பில் வந்தது. வேர் பிடிக்க நான்கு வாரம் ஆகும். இடையில் இழுத்துப் பார்த்தால் அப்போதுதான் முளைத்த வெள்ளை வேர் முறிந்துவிடும். எட்டுக் குச்சி வைத்ததில் ஐந்து பிழைத்தன.

ஜூன்: நடவும் பந்தலும்

குழி இரண்டு அடி நீள, அகல, ஆழம். எடுத்த மேல்மண்ணோடு 10 கிலோ தொழுவுரமும் அரைக் கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பி, இரண்டு வாரம் ஆறப்போட்டு நடவு. மழைநீர் தேங்கும் மூலையும் சுவர் நிழலும் ஆகாது. நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் நேர்வெயில் விழ வேண்டும்.

பந்தல் ஏழு அடி உயரம். நான்கு இரும்புக் குழாய்க் கால்கள், மேலே ஒன்றரை அடிக்கு ஒரு கம்பியாகக் குறுக்கும் நெடுக்கும். எளிதில் துருப்பிடிக்காத ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியை இழுத்துக் கட்ட வேண்டும். தொய்வாக விட்டால் கனம் ஏறியதும் நடுவில் குழி விழும், இலைகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும், நோயும் அங்கேதான் தொடங்கும்.

ஒரே தண்டு, ஒரே கம்பு. பக்கக் கிளைகளையெல்லாம் நகத்தால் கிள்ளிவிட வேண்டும். செப்டம்பரில் நுனி பந்தலைத் தொட்டது. பந்தலுக்கு அரை அடி கீழே நுனியைக் கிள்ளியதும் இரண்டு கிளை வந்தது. அவற்றை எதிரெதிர்த் திசையில் கம்பியோடு கட்டி, ஒன்றரை அடிக்கு ஒரு பக்கக்கிளை வீதம் பரப்பினோம். ஜனவரியில் செய்த முதல் வெட்டு கொடிக்கு வடிவம் அமைக்க மட்டுமே. தலைகாட்டிய ஓரிரு கொத்துகளும் கிள்ளப்பட்டன.

இரண்டாம் ஜூன்: மழையில் மாட்டிய காய்ப்பு

ஜூன் இரண்டாம் வாரம் கவாத்து, பதினொரு கொத்து. செப்டம்பர் கடைசியில் பழுக்கத் தொடங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் காய்ந்த மண்ணில் திடீரென்று நீர் இறங்கினால் பழம் உள்ளே உப்புகிறது, தோல் இடம் கொடுப்பதில்லை, காம்பைச் சுற்றி வெடிக்கிறது. வெடித்த பழத்தில் எறும்பு, அடுத்து பூஞ்சை. தேறியது நான்கு கொத்து.

அதே மழையில் அடிச்சாம்பல் நோயும் வந்தது. இலையின் மேலே எண்ணெய் சொட்டினாற்போல் மஞ்சள் திட்டு. அதே இடத்தைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளைப் பஞ்சு. திட்டு கண்ணில் பட்ட பிறகு மருந்தடிப்பதில் பயன் குறைவு. போர்டோ கலவை நோய் வருமுன் தடுக்கும், வந்ததைக் குணமாக்காது.

கலவை ஒரு சதவீதம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 10 கிராம் அரை லிட்டரில், நீற்றுச் சுண்ணாம்பு 10 கிராம் அரை லிட்டரில், தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும். பிறகு பளபளவென்று தேய்த்த இரும்பு ஆணியை ஒரு நிமிடம் முக்கி எடுத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இலை கருகும். படியாத வரை சுண்ணாம்புப் பாலைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். பழைய சுண்ணாம்பு காற்றில் பட்டு வீரியம் இழந்திருக்கும், அதனால் இந்தச் சோதனையை விடவே கூடாது. அன்றைக்குக் கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். பூத்திருக்கும்போது அடிக்கக் கூடாது.

மூன்றாம் ஜனவரி: சரியான கவாத்து

ஒரு வாரம் நீர் நிறுத்தி, ஜனவரி 20 அன்று வெட்டு. குச்சி ஒவ்வொன்றிலும் அடியிலிருந்து எண்ணி நான்கு அல்லது ஐந்து கண் (கணுவில் உள்ள மொட்டு) விட்டு, கடைசிக் கண்ணுக்கு ஒரு அங்குலம் மேலே, கண்ணுக்கு எதிர்ப்பக்கம் சாய்வாக வெட்ட வேண்டும். பென்சிலைவிட மெலிந்த குச்சியும் கட்டைவிரல் கனத்துக் குச்சியும் சரியாகக் காய்க்காது. மெலிந்ததை அடியோடு எடுத்தோம். நின்றது 38 குச்சி. மீதி இருந்த இலை எல்லாவற்றையும் கையால் உருவியாயிற்று. கண்கள் ஒரே சீராக முளைக்க வணிகத் தோட்டங்களில் ஹைட்ரஜன் சயனமைடு தடவுவார்கள். அது தோலுக்கும் மூச்சுக்கும் கேடு, வீட்டில் வேண்டவே வேண்டாம். இலை உருவினாலே ஒரு கொடிக்குப் போதும்.

வெட்டி நீர் விட்டதும் வெட்டுவாயில் சொட்டுச் சொட்டாக நீர் வடியும். வேரின் அழுத்தம் மேலே தள்ளும் நீர் அது. நான்கைந்து நாளில் தானாக நிற்கும், மெழுகு பூச வேண்டாம். அந்த நீர் கண்ணின் மேல் வழியக் கூடாது என்பதற்குத்தான் எதிர்ப்பக்கச் சாய்வு. உரம்: 15 கிலோ தொழுவுரம், பொட்டாஷ் இரண்டு பங்காக்கி ஒன்று அன்று, மற்றது அறுபதாம் நாள்.

நாள் 9 (வெட்டிய நாளிலிருந்து எண்ணி): கண் பருத்து, பழுப்புச் செதிலுக்குள் ரோஜா நிறப் பஞ்சு.

நாள் 18: கொத்து தெரிகிறது. புதுத் தளிரில் இலைக்கு நேர் எதிரே. பற்றுக்கம்பி வருவதும் அதே இடத்தில்தான். கொத்தும் பற்றுக்கம்பியும் ஒரே மொட்டின் இரு வடிவங்கள். எதுவாக ஆவது என்பது முந்தைய பருவத்தில், அந்தக் கண் உருவான நாட்களிலேயே முடிவாகிவிடுகிறது. அப்போது வெயில் பட்டிருந்தால் கொத்து. இலை மறைத்திருந்தால் வெறும் கம்பி. பந்தலின் வடக்கு ஓரத்தில், போன மழையில் இலை அடர்ந்திருந்த இடத்தில், ஒரு பக்கம் பூமொக்கும் இன்னொரு பக்கம் சுருண்ட கம்பியுமாக இரண்டும் கெட்டான் கொத்துகள் மூன்று. தெற்கே வெயில் விழுந்த குச்சிகளில் தளிருக்கு இரண்டு கொத்து. ஒரே வேர், ஒரே உரம்.

வந்தது 47 கொத்து, விட்டது 25. ஒரு கொத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து இலை வேண்டும். எல்லாவற்றையும் விட்டால் எதுவுமே இனிக்காது.

நாள் 37: பூ. ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கி அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்காக: அது விதையில்லா ரகங்களின் பழத்தைப் பெரிதாக்க. பன்னீருக்கு அதன் விதையே அந்த வேலையைச் செய்கிறது.

நாள் 45: இளம் இலையில் சாம்பல் பூச்சு. நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், மாலை வெயில் தணிந்த பிறகு. ஏப்ரல் வெக்கையில் இதையே அடித்தால் இலை வெந்துபோகும்.

நாள் 54: பட்டாணி அளவு. நெருக்கமான கொத்துகளில் ஐந்துக்கு ஒன்று வீதம் சின்னக் கத்தரியால் எடுத்தோம். முதலில் உள்பக்கக் காய், அடுத்து வளராமல் நிற்கும் கடுகு போன்ற காய். மனம் வராத வேலை. ஆனால் விட்டால் பழங்கள் ஒன்றையொன்று நசுக்கி உள்ளே அழுகும், மாவுப்பூச்சியும் அங்கேயே குடியேறும். மாவுப்பூச்சியைச் சுமந்து ஏற்றுவது எறும்பு. தண்டில் உரிந்து தொங்கும் பட்டையைச் சுரண்டி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவினால் பாதை அடைபடும். கிரீஸ் பட்டையில் படக் கூடாது.

நாள் 83: நிறம் ஏறுகிறது, சீராக இல்லை. இரவும் புழுங்கும் கோடையில் பன்னீர் இப்படித்தான், கொத்துக்குள் பச்சை நிற்கும். நீரைப் பாதியாகக் குறைத்து, நாள் தவறாமல் விட்டோம். மைனா வரத் தொடங்கியதும் ஒவ்வொரு கொத்துக்கும் கீழ்ப்பக்கம் திறந்த காகிதப் பை.

நாள் 112, மே 12: அறுவடை, 6 கிலோவுக்குச் சற்று மேல். நிறம் முந்தும், இனிப்பு பிந்தும். கொத்தின் அடிநுனிப் பழம்தான் கடைசியில் இனிக்கும், அதைச் சுவைத்துப் பார்த்து வெட்ட வேண்டும். திராட்சை பறித்த பிறகு பழுக்காது.

அடுத்த ஜூனில் காய்ப்புக்கு வெட்டப் போவதில்லை. எல்லாக் குச்சியையும் இரண்டு கண்ணுக்கு இறக்கி, வரும் கொத்தைக் கிள்ளிவிட்டு, தளிர்களுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டப் போகிறோம். முதல் இரண்டு மாதம், அடுத்த கொத்துக்கான கண்கள் உருவாகும் நேரத்தில், பந்தலுக்குக் கீழே தரையில் வெயில் புள்ளி புள்ளியாக விழ வேண்டும். விழாத இடத்தில் இலையைக் கழிக்க வேண்டும், முதலில் அந்த வடக்கு ஓரத்தில்.