ஸ்டீமில் முதல் கேம்: நாள் கணக்கும் பணக் கணக்கும்

கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் உங்கள் கேமை வெளியிடப் போகிறீர்களா? முதல் தடை பெயரில்தான் வரும். ஸ்டீம் பார்ட்னர் கணக்கில் (கேமை விற்பவருக்கான கணக்கு) கொடுக்கும் பெயர், பான் கார்டு, வங்கிக் கணக்கு மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நம்மூர் இனிஷியல் படுத்தும் பாடு தெரிந்ததுதானே: பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பாஸ்புக்கில் ஒற்றை எழுத்து நிற்கும். பதிவைத் தொடங்கும் முன்பே வங்கியில் திருத்திவிடுங்கள்.

அடுத்தது அமெரிக்க வரிப் படிவம். தனிநபருக்கு டபிள்யூ-8பென், கம்பெனிக்கு டபிள்யூ-8பென்-இ. பான் எண்ணைக் கொடுத்து இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகையைக் கேட்டால், அமெரிக்க விற்பனையில் உங்கள் பங்குக்கு 15 சதவீதம் பிடிப்பார்கள். கேட்காவிட்டால் 30. ரீஃபண்டும் விற்பனை வரியும் போக 100 டாலர் நிற்கிறது, அதில் 40 அமெரிக்காவில் விற்றது என்று வையுங்கள். ஸ்டீமின் 30 சதவீதம் போனால் 70. அதில் அமெரிக்கப் பங்கு 28, பிடித்தம் 4.20. சலுகை கேட்காதவருக்கு 8.40. பிடித்ததற்குத் தரும் 1042-எஸ் படிவத்தைப் பத்திரமாக வையுங்கள். இங்கே வருமானவரிக் கணக்கில் அந்தத் தொகையைக் கழிக்க அதுதான் ஆதாரம்.

ஒரு கேமை ஸ்டீமில் போட 100 டாலர் கட்டணம். 1,000 டாலர் வருவாயைத் தாண்டினால் திரும்பி வரும். கட்டி 30 நாள் ஆகாமல் வெளியிட முடியாது. கேம் வரப்போகிறது என்று காட்டும் 'விரைவில்' பக்கம் குறைந்தது 2 வாரம் இருக்க வேண்டும் என்பது விதி. அதை நம்பிக் கடைசியில் பக்கம் திறப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. வெளியீட்டு நாள் மின்னஞ்சல் போவது அந்தப் பக்கத்தில் கேமை விஷ்லிஸ்டில் (விருப்பப் பட்டியலில்) போட்டவர்களுக்குத்தான். ஆறு மாதமாவது பக்கம் திறந்திருக்கட்டும். வரப்போகும் கேம்களின் டெமோக்களுக்கு ஸ்டீம் நடத்தும் விழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்டில் ஒரு கேமுக்கு ஒரே வாய்ப்பு, அரைவேக்காட்டு டெமோவோடு போகாதீர்கள்.

பில்ட் ரிவ்யூவுக்கு, அதாவது வெளியிடும் முன் உங்கள் கேமை ஸ்டீம் சோதிப்பதற்கு, 3 முதல் 5 வேலை நாள் ஆகும். அடிக்கடி திரும்பி வருபவை 'முழு கன்ட்ரோலர் சப்போர்ட்' என்று டிக் அடித்த கேம்கள். மெனு, சண்டை எல்லாம் கன்ட்ரோலரில் ஓடும். சேவ் ஃபைலுக்குப் பெயர் கேட்கும் பெட்டியில் கீபோர்டு தேவைப்படும். அந்த ஒரு பெட்டியால் ஒரு வாரம் போய்விடும். இரண்டு ரிவ்யூவுக்காவது நாள் விட்டுத் தேதி குறியுங்கள்.

வெளியீட்டுத் தள்ளுபடியை 'ரிலீஸ்' பட்டனை அழுத்தும் முன்பே போட்டுவிட வேண்டும். பிறகு சேர்க்க வழியில்லை, அடுத்த 30 நாள் வேறு தள்ளுபடியும் கிடையாது.

மார்ச் 3-ல் வெளியிட்டால், அந்த மாத விற்பனைப் பணம் ஏப்ரல் கடைசியில்தான் கிளம்பும். 100 டாலரைத் தொடாவிட்டால் இன்னும் தள்ளிப்போகும். எனவே மார்ச், ஏப்ரல் சம்பளமும் வாடகையும் முன்கூட்டியே கையிருப்பில் இருக்கட்டும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: பணம் வருவதற்குள் நிதியாண்டு மாறிவிடும், பழைய எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யத் தரும் உறுதிமொழிக் கடிதம்) செல்லாது. மார்ச் முடிவதற்குள் புதிய ஆண்டுக்குத் தாக்கல் செய்துவிடுங்கள்.