பழைய எச்81 டெஸ்க்டாப்பில் பூட் ஆர்டர்: பயாஸில் மாற்றியவை, தொடாமல் விட்டவை

மெஷின் இது: எச்81 சிப்செட் மதர்போர்டு, நான்காம் தலைமுறை ஐ3-4130, 4 ஜிபி டிடிஆர்3 ராம் இரண்டு, விண்டோஸ் 10 இருக்கும் 1 டிபி ஹார்டுடிஸ்க், ஒரு டிவிடி டிரைவ். புதிதாகச் சேர்ப்பது 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சாட்டா என்பது டிஸ்கை போர்டோடு இணைக்கும் வழி). விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இந்த பிராசஸர் விண்டோஸ் 11-இன் பட்டியலில் இல்லை. அதனால் எஸ்எஸ்டியில் லினக்ஸ் மின்ட் 22, பழைய ஸ்கேனருக்காகவும் ஓரிரு மென்பொருளுக்காகவும் ஹார்டுடிஸ்கில் அதே விண்டோஸ், இரண்டும் யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில். இதுதான் திட்டம்.

எஸ்எஸ்டியை மாட்டி, பயாஸில் (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பூட் ஆர்டரில், அதாவது எதிலிருந்து முதலில் தொடங்குவது என்ற பட்டியலில், அதை மேலே ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் பூட் ஆர்டர் கடைசியில் தொட வேண்டிய இடம். டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணை பழைய எம்பிஆரா புதிய ஜிபிடியா, பயாஸ் பூட் ஆகும் முறை பழைய லெகசியா யூஇஎஃப்ஐயா, போர்டு டிஸ்கோடு பேசும் சாட்டா மோடு பழைய ஐடிஇயா புதிய ஏஎச்சிஐயா என்ற மூன்றும் ஒத்துப்போகாவிட்டால், பட்டியலில் எதை முதலில் வைத்தாலும் கருப்புத் திரைதான். "பூட் ஆர்டர் மாற்றியும் வேலை செய்யவில்லை" என்று வரும் புகார்களைக் கிளறினால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் அகப்படும்.

முதலில் பேட்டரி

எதையும் மாற்றுவதற்கு முன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்தாயிற்று. பிறகு கடிகாரம். பயாஸில் தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தது. போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி 3 வோல்ட். கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 2.6. புதியது 3-க்கு மேல் காட்டும், 2.7-க்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுவது நல்லது. சுவிட்ச் போர்டில் பிளக்கை ஆஃப் செய்யும் பழக்கம் உள்ள வீடுகளில் இது சீக்கிரம் தீரும். பிளக் ஆனில் இருக்கும்வரை பவர் சப்ளையின் 5 வோல்ட் ஸ்டேண்ட்பை கடிகாரத்தைத் தாங்கும். ஆஃப் செய்ததும் பாரம் முழுக்கப் பேட்டரி மேல். பேட்டரி செத்திருந்தால் அடுத்து வரும் எல்லாச் செட்டிங்கும் ஒரு கரண்ட் கட்டில் டிஃபால்ட்டுக்குத் திரும்பிவிடும். அதனால்தான் இது முதலில். கூட்டல் குறி மேலே இருக்கும்படி புதியதை வைத்து, தேதி, நேரம் சரி செய்தாயிற்று.

உள்ளே நுழைவது

அசூஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ போர்டுகளுக்கு டெலீட் கீ. டெல் மெஷின்களில் எஃப்2, எச்பியில் எஃப்10. ஒரே ஒரு முறைக்கு மட்டும் வேறு டிரைவிலிருந்து பூட் செய்ய வேண்டுமானால் பயாஸுக்குள் போகவே வேண்டாம். பூட் மெனு கீ போதும்: அசூஸில் எஃப்8, எம்எஸ்ஐயில் எஃப்11, ஜிகாபைட், டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9.

கீயைத் தட்டித் தட்டி விரல் வலித்தும் உள்ளே போகவில்லை என்றால் இரண்டு காரணம். ஒன்று, கீபோர்டு நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் இருக்கிறது. கருப்பு யூஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்ற வேண்டும். இன்னொன்று, பயாஸின் ஃபாஸ்ட் பூட் யூஎஸ்பியை எழுப்பாமலேயே தாண்டிப் போகிறது. அப்போது விண்டோஸில் ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வழியாக யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸுக்குப் போகலாம். லெகசி முறையில் நிறுவிய விண்டோஸில் அந்தக் கடைசி பொத்தான் இருக்காது. இந்த மெஷினிலும் இல்லை. டெலீட் கீதான் கை கொடுத்தது.

சாட்டா: போர்ட்டும் மோடும்

எச்81 சிப்செட்டில் சாட்டா போர்ட் நான்கு. இரண்டு 6 ஜிகாபிட், இரண்டு 3 ஜிகாபிட். முன்பு அசெம்பிள் செய்தபோது டிவிடி டிரைவை 6 ஜிகாபிட் போர்ட்டில் மாட்டியிருந்தார்கள். எஸ்எஸ்டியை 3-இல் போட்டால் நொடிக்கு 270, 280 எம்பியோடு நின்றுவிடும். 6-இல் 500-ஐத் தாண்டும். டிவிடியை 3-க்குத் தள்ளி அந்த இடத்தில் எஸ்எஸ்டி. எந்தப் போர்ட் வேகமானது என்பது மதர்போர்டில் அதன் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். நிறத்தை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

அடுத்து அட்வான்ஸ்டு பக்கத்தில் சாட்டா மோடு. ஐடிஇ என்று இருந்தது. ஏஎச்சிஐக்கு மாற்றினால்தான் என்சிக்யூ (டிஸ்குக்குப் போகும் கட்டளைகளை வரிசைப்படுத்துவது) போன்ற வசதிகள் கிடைக்கும். ஆனால் நேரடியாக மாற்றி சேவ் செய்தால் விண்டோஸ் "இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்" என்ற நீலத் திரையோடு படுத்துவிடும். பூட் ஆகும்போது ஏற்றும் டிரைவர் பட்டியலில் ஏஎச்சிஐ இல்லாததுதான் காரணம். விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டியதில்லை. விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியைத் திறந்து, பூட் பக்கத்தில் சேஃப் பூட், மினிமல் என்று குறியிட்டு ரீஸ்டார்ட். விண்டோஸ் வருவதற்குள் பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ ஆக்கி, எஃப்10 அழுத்தி சேவ். சேஃப் மோடில் வந்ததும் டிரைவரை அதுவே பிடித்துக்கொள்ளும். பிறகு குறியை எடுத்துவிட்டு இன்னொரு ரீஸ்டார்ட். சேஃப் மோடில் விண்டோஸ் லாகினுக்கான பின் எண் வேலை செய்யாமல் போகலாம். கணக்கின் முழு பாஸ்வேர்டு தெரியாமல் இதில் இறங்கக் கூடாது.

எம்பிஆரிலிருந்து ஜிபிடி

ஹார்டுடிஸ்கில் இருக்கும் விண்டோஸ் லெகசி முறையில், எம்பிஆரில் நிறுவியது. யூஇஎஃப்ஐயில் பூட் ஆக அந்த டிஸ்க் ஜிபிடி ஆக வேண்டும். விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கூடவே வருகிறது. டேட்டாவை அழிக்காமல் மாற்றித் தரும். இருந்தாலும் பேக்கப் இல்லாமல் தொடக் கூடாது. முதலில் சோதனை மட்டும் செய்யும் 'வேலிடேட்' கட்டளை, அது தேறினால் 'கன்வெர்ட்'. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்வதானால் 'அலோஃபுல்ஓஎஸ்' என்பதையும் சேர்க்க வேண்டும். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆனில் இருந்தால் முதலில் நிறுத்தி வைக்க வேண்டும்.

இங்கே சோதனையே தேறவில்லை. காரணம், கடைக்காரர்கள் வழக்கமாகப் போட்டுக் கொடுக்கும் சி, டி, ஈ பிரிப்பு. சிஸ்டம் ரிசர்வ்டையும் சேர்த்தால் நான்கு பார்ட்டிஷன். இந்தக் கருவி ஏற்பது அதிகபட்சம் மூன்று பிரைமரி. எக்ஸ்டெண்டடோ லாஜிக்கலோ ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஈ டிரைவில் இருந்ததை வெளி ஹார்டுடிஸ்குக்குக் காப்பி செய்து, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஈ-யை அழித்ததும் சோதனை தேறியது. மாற்றம் முடிந்த பிறகு அந்தக் காலி இடத்தில் மறுபடி ஈ உருவாக்கிக்கொள்ளலாம். ஜிபிடியில் விண்டோஸ் 128 பார்ட்டிஷன் வரை தரும்.

மாற்றியதும் அடுத்த பூட் யூஇஎஃப்ஐயில்தான். பயாஸில் முறையை மாற்ற மறந்து லெகசியிலேயே விட்டால் பூட் டிவைஸ் இல்லை என்ற செய்திதான் வரும். டிஸ்க் போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

சிஎஸ்எம் ஆஃப்

பூட் பக்கத்தில் சிஎஸ்எம் என்று ஒரு வரி. பழைய பயாஸ் போல நடித்துக் காட்டும் பகுதி அது. டிசேபிள் செய்தால் சுத்தமான யூஇஎஃப்ஐ. இதில் தடுக்கி விழும் இடம் கிராபிக்ஸ் கார்டு. 2012-க்கு முந்தைய கார்டுகள் பலவற்றில் யூஇஎஃப்ஐயில் திரையில் படம் காட்டத் தேவையான ஜிஓபி ஃபர்ம்வேர் கிடையாது. சிஎஸ்எம் ஆஃப் ஆனதும் திரையில் ஒன்றும் வராது. சில போர்டுகள் அதைக் கண்டு தாமாகவே சிஎஸ்எம்மைத் திரும்ப ஆன் செய்துவிடும், பார்ப்பவருக்குச் செட்டிங் சேவ் ஆகவில்லை என்று தோன்றும். கார்டைக் கழற்றி, மானிட்டரை மதர்போர்டின் சொந்த போர்ட்டில் மாட்டினால் சரி. ஐ3-4130-இல் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் இந்த வேலைக்கு எதேஷ்டம்.

சிஎஸ்எம் ஆஃப் செய்து சேவ் செய்ததும் பட்டியலில் ஹார்டுடிஸ்கின் பெயருக்குப் பதிலாக 'விண்டோஸ் பூட் மேனேஜர்' வந்தது. யூஇஎஃப்ஐயில் பூட் ஆர்டர் என்பது டிஸ்குகளின் வரிசை இல்லை. போர்டின் என்விராம் நினைவகத்தில் பதிந்த பூட்லோடர்களின் (விண்டோஸையோ லினக்ஸையோ தொடங்கி வைக்கும் சிறு நிரல்கள்) வரிசை. ஒரே டிஸ்கில் இரண்டு பூட்லோடர் இருந்தால் பட்டியலிலும் இரண்டு வரி.

மின்ட் நிறுவியது

பென்டிரைவை ரூஃபஸ் என்ற மென்பொருளில் தயார் செய்யும்போது ஜிபிடி, யூஇஎஃப்ஐ என்று தேர்ந்தெடுத்தாயிற்று. 8 ஜிபி பென்டிரைவ் போதும். சிஎஸ்எம் ஆனில் இருக்கும் மெஷினில் பூட் மெனுவைத் திறந்தால் ஒரே பென்டிரைவ் இருமுறை தெரியலாம்: பெயருக்கு முன் யூஇஎஃப்ஐ என்று போட்டு ஒன்று, போடாமல் ஒன்று. போடாததைத் தொட்டால் நிறுவல் லெகசி முறையில் போய்விடும். விண்டோஸ் நிறுவும்போது "இந்த டிஸ்கில் நிறுவ முடியாது" என்று வரும் தகராறில் பாதி இந்த ஒரு வரியால்தான்.

நிறுவும் முன் ஹார்டுடிஸ்கின் சாட்டா கேபிளை, மெஷினை ஆஃப் செய்துவிட்டு, உருவியாயிற்று. இதைச் செய்யாதவர்கள் பின்னால் வருந்துவார்கள். இரண்டு டிஸ்க் இருந்தால் மின்ட்டை நிறுவும் நிரல், முதலில் கண்ணில் படும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் (பூட்லோடர்களுக்கான சிறு பகுதி) பூட்லோடரை எழுதிவிடும். நாளைக்கு அந்தப் பழைய ஹார்டுடிஸ்க் பழுதானால் நல்ல எஸ்எஸ்டியும் பூட் ஆகாது. விண்டோஸை நிறுவும் நிரலும் இதே வேலையைச் செய்யும்.

வரிசை போடுவது

கேபிளை மறுபடி மாட்டி பயாஸுக்குள் போனால் மின்ட் என்று எதுவும் இருக்காது. 'உபுண்டு' என்றுதான் தெரியும். மின்ட் தன் பூட்லோடரை அந்தப் பெயரில்தான் பதிகிறது. அதை பூட் ஆப்ஷன் 1-இல் வைத்து, விண்டோஸ் பூட் மேனேஜரை 2-இல் வைத்து, டிவிடியையும் நெட்வொர்க் பூட்டையும் டிசேபிள் செய்தாயிற்று. கேபிளை உருவும்போது சில போர்டுகள் அந்த டிஸ்கின் வரியை மறந்து, திரும்ப மாட்டும்போது கடைசியில் சேர்க்கும். அதனால் வரிசையை எல்லாம் மாட்டிய பிறகே போட வேண்டும்.

ஏஎம்ஐ நிறுவனத்தின் பயாஸில் ஒரு கண்ணாமூச்சி உண்டு. ஒரே வகையில் இரண்டு டிரைவ் இருந்தால் பூட் ஆப்ஷன் பட்டியலில் ஒன்றுதான் தெரியும். மற்றது காணோமே என்று கேபிளை மாற்றிப் பயனில்லை. கீழே 'ஹார்டு டிரைவ் பிபிஎஸ் பிரையாரிட்டீஸ்' என்று தனிப் பக்கம் இருக்கும். அங்கே எது முதலோ அது மட்டும்தான் மேல் பட்டியலில் ஏறும். லெகசி முறையில் இரண்டு டிஸ்க் வைத்திருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். சில போர்டுகளில் யூஇஎஃப்ஐக்கும் இப்படி ஒரு பக்கம் உண்டு.

பூட் ஆகும்போது "பிஎக்ஸ்இ, மீடியா டெஸ்ட் ஃபெயிலியர், செக் கேபிள்" என்று வந்தால் நெட்வொர்க் கேபிளைத் தேட வேண்டாம். பட்டியலில் இருந்த எந்த டிஸ்கிலும் பூட்லோடர் கிடைக்காமல் கடைசியில் நெட்வொர்க் வரை போய்விட்டது என்று பொருள்.

மின்ட்டின் பூட்லோடரான கிரப்பின் மெனுவில் விண்டோஸ் வரவில்லை என்றால், நிறுவும்போது ஹார்டுடிஸ்க் மாட்டப்படாமல் இருந்ததுதான் காரணம். மின்ட்டில் கிரப்பைப் புதுப்பித்தால் வந்துவிடும். அப்போதும் வராவிட்டால், கிரப்பின் செட்டிங் கோப்பில் மற்ற சிஸ்டங்களைத் தேடுவதை நிறுத்தும் 'டிசேபிள் ஓஎஸ் புரோபர்' வரியை ஃபால்ஸ் ஆக்கி, மறுபடி புதுப்பிக்க வேண்டும்.

மீதிச் செட்டிங்

நேரம் குழம்பும். பயாஸ் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் வாசிப்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டும். மின்ட்டில் ஆர்டிசி (அந்த பயாஸ் கடிகாரம்தான்) உள்ளூர் நேரத்திலேயே இருக்கட்டும் என்று ஒரு கட்டளை கொடுத்தால் தீரும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் ஆஃப் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் முழுதாக மூடாமல் தூங்கும், அதன் டிரைவுகளை மின்ட்டில் படிக்கலாம், எழுத முடியாது.

கரண்ட் போய் வந்தால் என்ன செய்வது என்ற வரி 'பவர் ஆஃப்' நிலையில். மின்சாரம் திரும்பும் முதல் சில நொடிகள் ஏற்ற இறக்கமாக இருக்கும், அப்போது மெஷின் தானாக எழ வேண்டாம். வர்ச்சுவல்பாக்ஸ் தேவைப்படுவோருக்கு இன்டெல் விர்ச்சுவலைசேஷன் ஆன். ராம் 1600 என்று சரியாகத் தெரிந்ததால் அங்கே கை வைக்கவில்லை. வோல்டேஜ் பக்கமும் அப்படியே. "சிபியு ஃபேன் எர்ரர்" வந்தால் முதலில் ஃபேன் வயர் சிபியு ஃபேன் என்று எழுதிய பின்னில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேசிஸ் ஃபேன் பின்னில் மாட்டியிருப்பதுதான் வழக்கமான குளறுபடி.

எல்லாம் முடிந்த பிறகு செட்டிங்கை புரொஃபைலாகச் சேமிக்கும் வசதி இருந்தால் சேமித்துவிட வேண்டும். ஏதாவது சிக்கி, பயாஸ் செட்டிங்கை அழிக்கும் கிளியர் சிமாஸ் செய்ய நேர்ந்தால் (பிளக்கை உருவி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி, ஜம்பரின் இரண்டு பின்னை ஐந்து பத்து நொடி இணைப்பது) டிஃபால்ட் திரும்பும்: சிஎஸ்எம் மறுபடி ஆன், சில போர்டுகளில் சாட்டா மறுபடி ஐடிஇ. அந்த நிலையில் விண்டோஸை எழுப்பிப் பார்க்காமல், நேராக பயாஸுக்குள் போய் அந்த இரண்டையும் முதலில் மாற்ற வேண்டும்.