கொடைக்கு முந்தின அமைதிக் கூட்டம்

பிப்ரவரி 24

மண்டைக்காட்டு அம்மன் கோயில் திருவிழாவான கொடை நெருங்குகிறது, அதனால் இன்றைக்குப் போலீஸ் கூட்டிய அமைதிக் கூட்டம். மகளிர் குழு சார்பாக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கோயில் தரப்புப் பெரியவர்கள், கடற்கரைப் பங்குகளின் ஃபாதர்கள், கட்சிக்காரர்கள், ஓரமாக நாங்கள் இரண்டு பெண்கள். 1982 மார்ச் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இந்து, கிறிஸ்தவர் மோதல், போலீஸ் சுட்டதில் செத்த மீனவர்கள், அப்புறம் அதை விசாரித்த வேணுகோபால் கமிஷன், எல்லாம் அந்த அறைக்குள்ளேதான் இருந்தது. அன்றைக்குச் சுட்டதும் போலீஸ், இன்றைக்குச் சமாதானம் பேசக் கூப்பிடுவதும் போலீஸ். டீ, வடை, கையெழுத்து, முடிந்தது.

பிப்ரவரி 25

அக்கா மகள் பெல்ஃபாஸ்ட்டில் நர்ஸ். ராத்திரி பேசும்போது கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். "சித்தி, இங்க போலீஸ் ஸ்டேஷனப் பாத்தா ஜெயிலுன்னு நெனப்பிய, அவ்வளவு ஒசர மதில்" என்றாள். அப்புறம் உட்கார்ந்து வாசித்தேன். பெல்ஃபாஸ்ட் இருக்கிற வட அயர்லாந்தில் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று இரண்டு பக்கமாக நடந்த முப்பது வருஷச் சண்டை 1998 ஒப்பந்தத்தோடு அடங்கியபோது, ஜனத்தொகையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இருந்த கத்தோலிக்கர்கள் போலீஸில் சுமார் 8 சதவீதம்தான். சேர்ந்தால் சொந்தப் பக்கத்துத் துப்பாக்கிக்காரர்களே துரோகி என்று தீர்த்துவிடுவார்கள் என்ற பயம் வேறு. போலீஸை மாற்றியமைக்க வைத்த கிறிஸ் பேட்டன் கமிஷன் 1999-ல் 175 பரிந்துரை கொடுத்தது. 2001-ல் படையின் பேர் மாறியது, பின்னாலேயே சின்னமும் உடுப்பும் மாறின, புதிதாக எடுக்கும் ஆளில் பாதி கத்தோலிக்கர் என்று விதி வந்தது. 2011-ல் அதை நிறுத்தும்போது 30 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டார்கள். அப்படியும் கத்தோலிக்கர் பக்கத்து சின் ஃபெய்ன் கட்சி புதுப் போலீஸை ஏற்க 2007 ஆனது.

தகுதி இருந்தும் வேலை கிடைக்காத மற்றப் பக்கத்துப் பையன்களுக்குக் கோபம் வந்திருக்கும், அது நியாயமான கோபம்தான். இருந்தாலும் எனக்கு அந்த விதி பிடித்திருக்கிறது. எங்கள் கடற்கரைத் தெருவில் போலீஸ் வேலையில் ஒருத்தர்கூடக் கிடையாது.

பிப்ரவரி 28

பாறசாலையில் மாமா மகள் வீட்டில் கல்யாண விருந்து. களியக்காவிளை தாண்டினால் கேரளா. அங்கே 2008-லிருந்து ஜனமைத்ரி என்று ஒன்று நடக்கிறது, பீட் போலீஸ்காரர் வீடு வீடாக வந்து பழக வேண்டும். இவள் மாமியார் பகலில் தனியாக இருப்பவர் என்று தெரிந்து, ஒருத்தர் நம்பர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாராம். நம் பக்கம் 1993-லேயே ராமநாதபுரத்தில் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் ஆரம்பித்தார்கள், ஊர் ஆட்களே தொண்டர்களாகப் போலீஸுக்கு உதவுவது. 2020-ல் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் கஸ்டடியில் செத்தபோது அந்த ஆட்களும் சேர்ந்து அடித்தார்கள் என்று புகார் கிளம்பி, ஜூலையில் அரசே தடை போட்டது. பழகுவது நல்ல விஷயம்தான், ஆனால் பழகினவரே கை நீட்டினால் யாரிடம் போவது?

மார்ச் 3

பக்கத்து வீட்டுப் பையன் பைக்கைப் பிடித்து வைத்து, ஒரு அறையும் விட்டிருக்கிறார்கள். மனு எழுதித் தருகிறேன் என்றேன். "வேண்டாம் மாமி, அது சுத்திட்டு அதே ஸ்டேஷனுக்குத்தான் வரும்" என்றான். வட அயர்லாந்தில் 2000-லேயே போலீஸ் மீதான புகாருக்குத் தனி ஆம்புட்ஸ்மன் வைத்தார்கள், விசாரிக்க அவருக்குச் சொந்த ஆட்கள். இங்கே 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் புகார் ஆணையம் வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013-ல் போட்ட சட்டத்தில் நீதிபதி இல்லை, கலெக்டர்தான் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். போலீஸ் மேல் புகார் கொடுத்தால் போலீஸே உட்கார்ந்து விசாரிக்கும். அமைதிக் கூட்டத்தில் இதைக் கேட்டிருக்கலாம்தான், ஆனால் கேட்டால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள். சரி, கூப்பிடாவிட்டால் போகட்டும், மனுவாகவே எழுதி கலெக்டருக்கு அனுப்புகிறேன்.