இரைச்சல் அடங்கும் கோணம்: 136 கிலோஹெர்ட்ஸுக்கு வீட்டுக்குள் ஒரு லூப்

மூன்று மாதமாகக் கூடத்தை அடைத்துக்கொண்டு நின்ற லூப் ஆன்டெனா (சட்டத்தில் சுற்றிய கம்பிச் சுருள்) ஒருவழியாக வேலை செய்கிறது. 80 சென்டிமீட்டர் சதுரம், பி.வி.சி. பைப் சட்டம், சென்னையில் நான்காம் மாடி பிளாட். மொட்டை மாடியில் கம்பி கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் 2200 மீட்டர் பேண்டை, அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்களின் 136-137 கிலோஹெர்ட்ஸ் பகுதியை, கேட்க வேண்டுமென்றால் கூடத்தில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். கேட்பதற்கு மட்டும்தான் இது. அனுப்பும் எண்ணம் இல்லை.

முதலில் சுற்றியது வீணாகப் போனது. 90 மீட்டர் ஹூக்கப் ஒயர் சுருள் இரண்டை வாங்கி, 56 சுற்று, ஒரே கட்டாகச் சேர்த்துக் கட்டினேன். சுற்று கூடினால் சிக்னல் கூடும் என்ற ஆசை. மீட்டரில் ஏழரை மில்லிஹென்றி காட்டியது. அது 137 கிலோஹெர்ட்ஸில் ஒத்திசைய 180 பிகோஃபாரட் கண்டன்சர் போதும். ஆனால் டியூன் செய்யத் திருப்பும் கேங் கண்டன்சரைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தாலே லூப் 95-இல் ஒத்திசைகிறது! ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் சுற்றுகளுக்கு இடையிலேயே 370 பிகோ உட்கார்ந்திருந்தது. இதற்கு மேல் எந்தக் கண்டன்சரைப் போட்டாலும் கீழேதான் இறங்கும், 137-க்கு ஏறவே ஏறாது.

இரண்டாம் முறை 20 சுற்றுதான். மோட்டார் வைண்டிங் கடையில் 22 கேஜ் எனாமல் கம்பி கால் கிலோ வாங்கினேன். அந்தக் கால் கிலோ 64 மீட்டருக்குச் சரியாக இருந்தது. நான்கு மூலையிலும் அக்ரிலிக் பட்டை வைத்து, ரம்பத்தால் 5 மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டு போட்டு, ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாக உட்கார வைத்தேன். இப்போது 0.72 மில்லிஹென்றி. 1 நானோஃபாரட் நிலையான கண்டன்சரும் பழைய வால்வு ரேடியோவின் கேங்கும் சேர்ந்து 137-ஐ எளிதாகப் பிடிக்கின்றன. கேங் தந்தவர் எங்கள் தெருவில் மிச்சமிருக்கும் ஒரே ரேடியோ மெக்கானிக். ரிச்சி தெருவில் அலைந்தும் எனக்குக் கிடைக்காத பொருள் அவர் பரணில் நான்கு இருந்தது. கேங்கின் தண்டில் நீளமான மரக்கைப்பிடி அவசியம். வெறுங்கையால் திருப்பினால், கையை எடுத்தவுடன் டியூனிங் நகர்ந்துவிடும்.

சோதனைக்கு சிக்னல் வேண்டுமே? ஆர்டுயினோ நானோ என்ற சிறு கண்ட்ரோலர் போர்டின் 16 மெகாஹெர்ட்ஸை 117-ஆல் வகுத்தால் 136.75 கிலோஹெர்ட்ஸ், சரியாகப் பேண்டுக்குள். பின்னில் ஒரு அடி கம்பி மாட்டிப் படுக்கையறையில் வைத்தேன். எஸ்.டி.ஆர். (லேப்டாப்போடு சேர்ந்து வேலை செய்யும் ரிசீவர்) திரையில் கோடு அழகாக எழுந்தது.

அப்புறம்தான் உண்மையான தொல்லை. லூப்பைத் திருப்பினால் ஒரு கோணத்தில் சத்தம் அடங்க வேண்டும். லூப்பின் மொத்தப் பெருமையே அதுதான். எனக்கோ முழு வட்டம் திருப்பியும் இரைச்சலில் நான்கு டெசிபல் வித்தியாசம்கூட இல்லை. இரண்டு வாரம் சட்டம் கோணலோ, சுற்று சமமில்லையோ என்று தவறான இடத்திலேயே தேடினேன். ஒரு நாள் எதேச்சையாகக் கேங்கை முழுவதும் விலக்கி, லூப்பை டியூனிங்கிலிருந்து தள்ளிப் பார்த்தேன். ஆர்டுயினோவின் கோடு காணாமல் போனது. இரைச்சல் அப்படியே நின்றது. அப்படியென்றால் அந்த இரைச்சல் லூப் வழியாக வரவே இல்லை. லூப்பிலிருந்து ரிசீவருக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளின் உலோக மேலுறை, யு.எஸ்.பி. ஒயர், லேப்டாப், சுவர் பிளக் எல்லாம் சேர்ந்து ஒரே நீண்ட ஆன்டெனாவாக இருந்தன. லூப் அதன் நுனியில் தொங்கும் ஒரு குஞ்சம், அவ்வளவுதான்.

வீட்டுக்குள் லூப் வைத்திருப்பவர்கள் வேறு எதற்கும் முன்னால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். டியூனிங்கைக் கலைத்தும் இரைச்சல் குறையவில்லை என்றால் லூப்பைத் தொடாதீர்கள், கேபிளைப் பாருங்கள்.

நான் செய்தது: முதலில் லேப்டாப்பை பேட்டரிக்கு மாற்றினேன். இந்த மாதிரி சார்ஜர்கள் பல 65 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஸ்விட்ச் ஆகின்றன. இரண்டாம் ஹார்மோனிக் (அதன் இரு மடங்கு) 130, நம் பேண்டின் வாசலிலேயே. லோடு மாறும்போது அது அசைந்து அசைந்து உள்ளேயும் வந்துவிடும். அடுத்து, லூப்பிலிருந்து நேரடி இணைப்பை எடுத்துவிட்டு, உள்ளே தனியாக ஒரே ஒரு சுற்றுப் போட்டு, அதையும் ஃபெரைட் வளைய டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவே கோஆக்ஸுக்குக் கொடுத்தேன். பிரைமரியும் செகண்டரியும் வளையத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றினால் இடையில் உள்ள கெபாசிட்டன்ஸ் வழியாகக் குப்பை தாண்டி வந்துவிடும்.

கடைசியாக, கேபிளின் மேலுறை வழியே வரும் இரைச்சலைத் தடுக்கும் சோக். கேபிளில் மாட்டும் கிளிப் ஃபெரைட்டுகள் பத்துப் போட்டுப் பார்த்தேன், பலனில்லை. அவை மெகாஹெர்ட்ஸுக்கானவை. 137-இல் 850 ஓம் தடை வேண்டுமென்றாலே 1 மில்லிஹென்றி தேவை. பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் உள்நுழைவு ஃபில்டரில் இருக்கும் வளையம் இதற்கு அருமையாக ஒத்துவந்தது. அதன் பெர்மியபிலிட்டி (காந்தப்புலத்தைச் சேர்த்துக்கொள்ளும் திறன்) மிக அதிகம், சுற்று குறைவாகவே போதும். காயலான் கடையில் செத்த சப்ளை இரண்டு வாங்கிப் பிரித்தேன். மெல்லிய கோஆக்ஸ் ஒரு வளையத்தில், யு.எஸ்.பி. இன்னொன்றில்.

அன்று மாலை திருப்பியபோது இரைச்சல் 22 டெசிபல் சரிந்தது. மூன்று டிகிரி தள்ளினால் திரும்ப ஏறுகிறது. அடித்தட்டில் கோணமானி ஒட்டிவிட்டேன். அடங்கும் கோணம் தென்கிழக்கைக் காட்டுகிறது, அதாவது மாடிப்படியில் இருக்கும் மீட்டர் பெட்டியை. கூடவே ஒன்று கவனித்தேன். சுவருக்குள் ஓடும் ஒயர்கள் பக்கத்திலேயே இருப்பதால் கோணத்தைவிட இடம் முக்கியம். சுவரிலிருந்து ஒரு மீட்டர் நகர்த்தினால் எட்டு டெசிபல் வரை மாறுகிறது. இரவு ஏழரைக்குப் பக்கத்து வீட்டு இண்டக்ஷன் அடுப்பு வந்தால் மட்டும் எந்தக் கோணமும் உதவாது. சமையல் முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

முதலில் சுற்றிய 56 சுற்றைப் பிரிக்கவில்லை, நல்லவேளை. 10 நானோ சேர்த்தால் அது 18.2 கிலோஹெர்ட்ஸில் ஒத்திசைகிறது. திருநெல்வேலி விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் பயன்படுத்தும் அதிர்வெண் அது. 48 கிலோஹெர்ட்ஸ் சவுண்ட் கார்டே ரிசீவராகப் போதும், 19.8-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் நிலையமும் அதே திரையில் வரும். சூரிய வெடிப்பு நேரத்தில் இவற்றின் பலம் மாறுவதைப் பதிவு செய்ய ஆசை. அதற்குத் தனி முன்பெருக்கி வேண்டும். 1 நானோவைக் கழற்றினால் இந்தப் புது லூப் 475 கிலோஹெர்ட்ஸ் அமெச்சூர் பேண்டுக்கும் வரும், ஆனால் அங்கே 720 கிலோஹெர்ட்ஸில் வரும் சென்னை வானொலியின் பலத்தைத் தடுக்க ஃபில்டர் போட வேண்டும்.

137-இல் இதுவரை எந்த ஹாமும் (அமெச்சூர் வானொலிக்காரரும்) சிக்கவில்லை. ஆனால் லூப் தொலைவில் இருந்து வருவதைக் கேட்கிறதா என்று தெரிய வேண்டுமே. 6.8 நானோ போட்டு 68.5-க்கு இறக்கினேன். சீனாவின் ஷாங்ச்சியூவில் இருந்து வரும் பி.பி.சி. (BPC, லண்டன் பி.பி.சி. அல்ல) நேர சிக்னல் அங்கே. இரைச்சல் தென்கிழக்கில் அடங்குவதால் லூப்பின் தளம் தானாகவே வடகிழக்கைப் பார்த்தது. எனக்கு வேண்டிய திசையும் அதுவே. இரவு பதினொன்றுக்கு மெல்லிய கோடு, வினாடிக்கு ஒரு வெட்டு. இருந்தும் சந்தேகம். பக்கத்து வீட்டுக் கடிகாரமோ, சார்ஜரோ?

பி.பி.சி. தினமும் சீன நேரம் காலை 5 முதல் 8 வரை ஓய்வெடுக்கும். நமக்கு அது அதிகாலை 2.30-க்குத் தொடங்கும். விழித்திருந்தேன். 2.29-இல் கோடு இருந்தது. 2.30-க்கு இல்லை.