துறைமுகத் தகராறில் அமைச்சர் தலையிடும் நேரம்

மலேசியாவில் கிள்ளானை அடுத்த காப்பாரில் வாழும் எங்களுக்குத் துறைமுகம் அன்னியமான இடமன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, லயத்து வீடுகளை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் கிள்ளான் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கவும், கொள்கலன் லோரி ஓட்டவும், கிடங்குகளில் சரக்குக் கணக்கு எழுதவும் சென்றார்கள். ஆகவே, துறைமுகத் தொழிலாளருக்கும் நிர்வாகத்துக்கும் தகராறு மூண்டால் அரசாங்கம் எப்போது, யாருக்காகத் தலையிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு அடுப்பைத் தொடும் கேள்வி.

தலையிடவே கூடாது என்பது என் வாதமன்று. துறைமுகம் நின்றால் மருந்தும் உணவும் நிற்கும். தோட்டத்தில் அறுத்த செம்பனைக் குலையிலிருந்து எடுத்த எண்ணெயும் கப்பலேறாது. ஆனால், வேலையை நிறுத்தும் உரிமையைத் தொழிலாளியிடமிருந்து வாங்கிக்கொள்ளும் அரசாங்கம், இழுத்தடிக்கும் வாய்ப்பை முதலாளியிடமிருந்தும் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டாவது பாதிதான் எங்கும் விடுபட்டுப் போகிறது.

நம் நாட்டின் 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டம் துறைமுகப் பணியை அத்தியாவசியச் சேவைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. அங்கே வேலைநிறுத்தம் செய்ய விரும்பும் சங்கம் இரகசிய வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவைப் பெற வேண்டும். முன்னறிவிப்புக் கொடுத்து, அதன்பின் 21 நாள்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் மனிதவள அமைச்சர் தாமாகவே அத்தகராறைத் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அனுப்பிவிட்டால் அதன்பின் நடக்கும் எந்த வேலைநிறுத்தமும் சட்டவிரோதமாகும். தொழிலாளிக்கு விதிக்கப்பட்ட கெடுக்கள் அத்தனையும் இறுக்கமானவை. நீதிமன்றமோ இயன்றால் 30 நாள்களுக்குள் தீர்ப்பளிக்க வேண்டும் என்று மட்டுமே அதே சட்டம் கூறுகிறது. சம்பளத்தையும் வேலை நிபந்தனைகளையும் பற்றிச் சங்கமும் நிர்வாகமும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச ஆயுளே 3 ஆண்டுகள் என்னும்போது, வழக்கு நீள நீள, பழைய சம்பளத்திலேயே வேலை வாங்கும் நிர்வாகத்துக்கு அந்த நீட்சியே இலாபமாகிவிடுகிறது. அமைச்சர் எப்படியும் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார் என்று முன்கூட்டியே அறிந்த நிர்வாகம் பேச்சுவார்த்தை மேசையில் மனம்விட்டுப் பேசுவதற்கு என்ன காரணம் இருக்கிறது?

இது மலேசியாவுக்கு மட்டும் உரிய குறையன்று. கனடாவின் கியூபெக் துறைமுகத்தில் 2022 செப்டம்பரில் நிர்வாகம் கதவடைப்புச் செய்து தொழிலாளர்களை வெளியே நிறுத்தியது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் வெளியிலேயே நின்றார்கள்; மாற்றாட்களைக் கொண்டு வேலை நடந்தது; சரக்கும் போய்க்கொண்டிருந்தது. பின்னர் 2024 நவம்பரில் மேற்குக் கரைத் துறைமுகங்களிலும் மான்ட்ரியாலிலும் முதலாளிகள் கதவடைத்துச் சரக்கு முடங்கியதும், தொழிலமைச்சர் ஸ்டீவன் மெக்கினன் சில நாள்களுக்குள், நவம்பர் 12 அன்று, வேலையைத் தொடங்கும்படியும் கட்டாய நடுவர் தீர்ப்புக்கு உட்படும்படியும் உத்தரவிடச் செய்தார். கியூபெக் தகராறும் அப்போதுதான் அந்த உத்தரவில் சேர்க்கப்பட்டது. சரக்குக்கு வந்த துன்பம் சில நாள்களில் அமைச்சரை எட்டியது. மனிதருக்கு வந்த துன்பம் எட்டுவதற்கு ஈராண்டு பிடித்தது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று அமெரிக்காவின் கிழக்கு, வளைகுடாக் கரைகளில் சுமார் 45,000 துறைமுகத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 1947ஆம் ஆண்டு டாப்ட் ஹார்ட்லி சட்டத்தின்கீழ் 80 நாள்களுக்கு அவர்களைத் திரும்ப வேலைக்கு அனுப்ப நீதிமன்றத்தை நாடும் அதிகாரம் அதிபருக்கு இருந்தது. 2002இல் மேற்குக் கரைக் கதவடைப்பின்போது புஷ் அதைப் பயன்படுத்தினார். பைடன் பயன்படுத்த மறுத்துவிட்டார். மாறாக, சம்பளத்தை உயர்த்தும்படி அவரது நிர்வாகம் கப்பல் நிறுவனங்களை நெருக்கியது. மூன்றே நாள்களில், ஆறு ஆண்டுகளில் 62 விழுக்காடு உயர்வு என்ற உடன்பாடு பிறந்தது. இதுவும் அரசாங்கத் தலையீடுதான். அழுத்தம் விழுந்த திசைதான் வேறு.

அத்தகராறில் எஞ்சி நின்ற கடைசி முடிச்சு தானியங்கி இயந்திரங்கள் பற்றியது. 2025 ஜனவரியில் அதுவும் பேசித் தீர்க்கப்பட்டது. நம் சட்டத்தின் 13ஆவது பிரிவோ ஆள்குறைப்பு, இடமாற்றம், பணி ஒதுக்கீடு ஆகியவற்றைக் கூட்டு ஒப்பந்தக் கோரிக்கையில் சேர்க்கவே சங்கத்தை அனுமதிப்பதில்லை; பொதுவான கேள்விகளை எழுப்பலாம் என்ற அளவுக்கே இடம் தருகிறது. பாரந்தூக்கியின் இருக்கையில் ஆளே தேவைப்படாத காலம் நெருங்கும்போது, ஒரு தொழிலாளி எதைப்பற்றி அதிகம் பேச வேண்டுமோ அதைப் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுவர அவனால் முடியாது.

கிள்ளான் வட்டாரம் அரசாங்கத் தலையீட்டின் மிகக் கொடிய முகத்தையும் கண்டது. 1941இல் சம்பள உயர்வும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்துக்கு முடிவும் கேட்டு ரப்பர்த் தோட்டத் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, போர்க்காலத்தில் ரப்பர் உற்பத்தி தடைபடக் கூடாது என்ற காரணத்தோடு பிரிட்டிஷ் ஆட்சி படையை இறக்கியது. ஐவர் உயிரிழந்தனர், தலைவர் ஆர்.எச்.நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். இன்று துப்பாக்கி இல்லை, நீதிமன்றம் இருக்கிறது. அந்த வேறுபாட்டை நான் பெரிதாகவே மதிக்கிறேன். ஆனால் அத்தியாவசியம் என்ற காரணம் அன்றும் இன்றும் ஒரு தரப்பின் கையை மட்டுமே கட்டுகிறது.

கிள்ளான் துறைமுகத்துக்குத் தெற்கே உள்ள கேரித் தீவின் செம்பனைத் தோட்டங்களை ஒட்டிப் புதிய துறைமுகம் அமைக்கும் பேச்சு நெடுநாளாக நடந்துவருகிறது. அது எழுவதற்கு முன்பே சட்டத்தில் மூன்று திருத்தங்கள் வேண்டும். தகராறை நீதிமன்றத்துக்கு அனுப்பும் அமைச்சர் தீர்ப்புக்கான இறுதி நாளையும் குறிக்க வேண்டும். அந்நாள் தவறினால் வேலைநிறுத்த உரிமை திரும்ப வேண்டும். இயந்திரமயத்தால் வரும் ஆள்குறைப்பைப் பேரத்தில் சேர்க்கச் சங்கத்துக்கு அனுமதி வேண்டும். எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் இவற்றை எழுத்து மூலமாகக் கேட்கவிருக்கிறேன். கிள்ளான், பந்திங் வட்டாரத்து நண்பர்களும் அவரவர் தொகுதியில் கேட்க வேண்டுகிறேன்.