எந்த மாத்திரை என்று என்னைக் கேட்டார்கள்

மனநோய்க்கு எனக்குத் தந்த ரிஸ்பெரிடோன் மாத்திரை என் காதில் ஒலித்த குரல்களை அடக்கியது. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் மாதவிடாய் நின்றது, கல்யாணமே ஆகாத எனக்கு மார்பில் பால் கசிந்தது, இதை யாரிடம் சொல்வதென்று தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிட்டேன். அம்மா அதைக் கண்டுபிடித்து, மாத்திரையை நுணுக்கி ரசத்தில் கலக்கத் தொடங்கினார். கிண்ணத்தின் அடியில் தேங்கிய வெள்ளைத் துகளைப் பார்த்த பிறகு வீட்டுச் சாப்பாட்டில் கைவைக்கவே பயந்தேன். சந்தேகத்துக்கு வைத்தியம் பார்க்க இப்படியும் ஒரு வழி.

முதலில் சேர்த்த மருத்துவமனையில் என்ன மருந்து, என்ன பக்கவிளைவு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. படிவத்தில் அண்ணன் கையெழுத்திட்டதோடு சரி. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் பின்னர்தான் படித்தேன். ஒருவர் எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றுகிறது என்பதற்காக மட்டும் அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கருதக் கூடாது என்கிறது அதன் 4ஆம் பிரிவு. சிகிச்சையையும் அதன் பக்கவிளைவுகளையும் அறிந்துகொள்ளும் உரிமையை 22ஆம் பிரிவு தருகிறது.

அடுத்துப் பார்த்த மனநல மருத்துவர், அம்மாவைச் சற்று நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மாதவிடாயைப் பற்றி அவராகவே கேட்டார். பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டினைப் பரிசோதித்ததில் அளவு 100-ஐத் தாண்டியிருந்தது. கர்ப்பமோ தாய்ப்பாலூட்டலோ இல்லாத பெண்ணுக்கு அது மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 25 நானோகிராமுக்குள் இருக்க வேண்டும். மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஒலான்சபின், குவெட்டியாபின், அரிபிப்ரசோல் என்று மூன்று பெயர்களை எழுதி, “இவற்றில் எந்தத் தொல்லையை உங்களால் பொறுத்துக்கொள்ளவே முடியாது என்று முதலில் சொல்லுங்கள்” என்றார். ஒலான்சபினில் எடையும் சர்க்கரையும் ஏறக்கூடும். அப்பா சர்க்கரை நோயாளி என்பதால் அது வேண்டாம் என்றேன். காலை ஏழு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய எனக்குக் குவெட்டியாபினின் தூக்கக் கலக்கம் ஒத்துவராது. அரிபிப்ரசோல் புரோலாக்டினை ஏற்றாது, ஆனால் ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு வரலாம் என்பதையும், மருந்தை மாற்றும் காலத்தில் குரல்கள் திரும்பும் ஆபத்து உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. பழையதைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் புதியதைச் சேர்க்கச் சம்மதித்தேன்.

தவிப்பு வரத்தான் செய்தது. தையல் இயந்திரத்தில் ஒரு சட்டைக் கை தைத்து முடிப்பதற்குள் பலமுறை எழுந்து நடந்தேன். ஆனால் அதன் பெயரும் காரணமும் முன்பே தெரிந்திருந்ததால், மாத்திரையை நிறுத்தாமல் மருத்துவரிடம் போனேன். அளவைக் குறைத்து, தவிப்பைத் தணிக்கப் புரோப்ரனோலால் மாத்திரையைச் சேர்த்தார், அடங்கியது. பிறகு மாதவிடாயும் திரும்பியது.

இப்போது அந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, நோய் முற்றி என்னால் முடிவெடுக்க முடியாமல் போனால் எனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும் என்ற முன்கூட்டிய அறிவுறுத்தலை எழுதியிருக்கிறேன். 72 மணி நேரம் வரையிலான அவசர சிகிச்சைக்கு அது பொருந்தாது. சாப்பாட்டில் கலந்து மருந்து தரக் கூடாது என்பதே அதில் முதல் வரி. பிரதிநிதியாக அக்காவின் பெயரைப் போட்டதில் அம்மாவுக்கு வருத்தம்தான். முதல் வரியைப் படித்த பின் அவர் ஏன் என்று கேட்கவில்லை. இந்த மருந்தும் பலிக்காவிட்டால் குளோசபின் பற்றிப் பேசலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அது இரத்த வெள்ளையணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால், தொடக்க மாதங்களில் வாரந்தோறும் அவற்றின் எண்ணிக்கையைப் பார்த்தால் அதற்கும் சம்மதம் என்று கடைசி வரியில் எழுதிக் கையெழுத்திட்டேன்.